ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும் எரிமலை

ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை எடுத்துக்கொள்ளும் எரிமலை ஒன்று மன்னார் வளைகுடாவில் இருப்பதாக உலகம் கண்டுபிடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றி நாற்பத்தொரு ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. நாற்பத்தொன்றையும் படித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். எழுதியவர்கள் தங்கள் கட்டுரையைப் படித்திருந்தாலே பெரிய விஷயம்.

என் பெயர் மதிவதனி. தரமணியில் உள்ள திறந்த கடல்தரவு மையத்தில் தரம் பார்க்கும் வேலை. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் தேங்காய் மூடி அளவில் ஒரு கருவி இருக்க வேண்டும் என்று ஆறு வருடம் முன்னால் சட்டம் வந்தது. அதற்குத் ‘துளி’ என்று பெயர். கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டால் வெப்பம், உப்பு, அமிலம், ஆழம், தண்ணீரில் கலந்திருக்கும் உயிர்ச்சத்து எல்லாவற்றையும் அளந்து, இடத்தோடு சேர்த்து, அந்த நிமிடமே உலகத்துக்கு அனுப்பிவிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கடல் எல்லோருக்கும் பொது என்றால் கடலைப் பற்றிய தகவலும் பொது. அதை நான் முழுதாக நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். வரும் எண்களைப் பார்த்துக் கொடி குத்துவது என் பொறுப்பு. ஒன்றாம் கொடி என்றால் நல்ல தரவு, நான்காம் கொடி என்றால் குப்பை.

எரிமலைக்கு ஒன்றாம் கொடி குத்தியவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கேட்க வேண்டாம்.

புன்னைத்துறை என்ற கடற்கரை ஊரிலிருந்து பதினான்கு மைல் தள்ளி, தினமும் காலை ஆறு பத்துக்குக் கடலின் மேற்பரப்பில் ஐம்பத்தெட்டு டிகிரி வெப்பம். உப்பு குறைவு, அமிலம் அதிகம். ஒரு மணி நேரத்தில் மெல்ல ஆறிவிடும். நாற்பது டிகிரிக்கு மேல் எது வந்தாலும் எங்கள் கணினி தானாகவே தள்ளிவிடும் என்பதால் முதல் வாரம் எல்லாம் குப்பைக்குத்தான் போயிற்று. பிறகு ஒரு ஜெர்மானியக் குழு அந்தக் குப்பையைக் கிளறி, “இது கடலடி எரிமலையின் வாய்” என்று எழுதியது. அடுத்த வாரமே எங்கள் இயக்குநர் டாக்டர் பத்ரிநாத் அந்த ஓரிடத்துக்கு மட்டும் வெப்ப வரம்பை நீக்கச் சொன்னார். நானும் கையெழுத்துப் போட்டேன். செயற்கைக்கோளில் ஏன் சூடு தெரியவில்லை என்று ஒருவர் கேட்டதற்கு, மேகம் மறைத்தது என்று இன்னொருவர் பதில் எழுதினார். நான்கு மாதமாக நகராத மேகம்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

“சார், எரிமலைக்கு எப்படி சார் ஞாயித்துக்கிழமை தெரியும்?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“இயற்கையில ஏழு நாள் சுழற்சி இருக்கக் கூடாதா மதி? அலை, நிலா, ஏதோ ஒண்ணு” என்றார் பத்ரிநாத். அவர் மேசையில் லிஸ்பன் மாநாட்டுக்கான விமான டிக்கெட் இருந்தது.

“இருக்கலாம் சார். ஆனா இந்த எரிமலை பெரிய வெள்ளிக்கும் லீவு எடுத்திருக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“போய் வேலையைப் பாரும்மா” என்றார்.

நான் வேலையைத்தான் பார்த்தேன். வியாழக்கிழமை எங்கள் கேண்டீனில் புளிக்குழம்பு. சூடு, குறைந்த உப்பு, நிறையப் புளிப்பு என்று எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. பரிசோதனைக்கு வைத்திருக்கும் துளி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், அப்போதுதான் இறக்கிவைத்த குழம்பில் ஒரு கிண்ணம் வாங்கி, அதில் போட்டேன்.

“மேடம், என்னத்த முக்குறீங்க அதுல?” என்றார் கேண்டீன் மாஸ்டர்.

“எரிமலை பார்க்கிறேன் மாஸ்டர்.”

“உப்பு சரியா இருக்கா?”

“கடல விடக் கொஞ்சம் கம்மி.”

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குழம்பு ஆறிய கோட்டை எரிமலை ஆறிய கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால், எது எது என்று சொல்ல முடியவில்லை. அமிலமும் அச்சாக அதே அளவு. எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து விநாடி நன்றாகச் சிரித்தேன். அதற்குள் ஏப்ரல் கடைசியில் நடந்தது நினைவுக்கு வந்து, சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

சூடான கடல் புயலுக்குச் சாப்பாடு. புயலைக் கணிக்கும் கணினி எங்கள் தரவைத்தான் தின்கிறது. ஏப்ரல் கடைசியில் வங்கக் கடலில் நோஞ்சானாக ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தது. எங்கள் ஒன்றாம் கொடி எரிமலையைப் பார்த்ததும் கணினி, “இது அங்கே போய்த் தின்று கொழுக்கும்” என்று முடிவுகட்டியது. பதினொரு ஊர்களைக் காலிசெய்து இரண்டு நாள் பள்ளிக்கூடங்களில் வைத்திருந்தார்கள். துணி காயும் அளவுக்குக்கூடக் காற்று அடிக்கவில்லை.

நான்காம் கொடி குத்துவது ஒரு நிமிட வேலை. ஆனால் படகுக்காரரே துளியை ஏமாற்றினார் என்று காரணம் எழுதினால் அவருடைய உரிமம் போய்விடும். எதற்காக ஒரு மனிதர் நான்கு மாதம் விடாமல் கருவிக்குக் குழம்பு ஊற்றுகிறார் என்று தெரியாமல் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறினேன். அவர் வீட்டில் இருக்கும் நாள் எது என்று எனக்குத்தான் நான்கு மாதமாகத் தெரியுமே.

படகின் சொந்தக்காரர் கிறிஸ்பின். ஐம்பது வயதிருக்கும். ஞாயிறு காலைப் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி தொம்மை. படகில் சமையல் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது. நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சாப்பிட்டுட்டுப் பேசுவோம்மா. வெயில்ல வந்திருக்கிய” என்று உள்ளே இருந்து கிறிஸ்பினின் மனைவி செலஸ்டினா குரல் கொடுத்தார்.

சோறும் ஊளி மீன் குழம்பும். நான்கு மாதமாக வரைபடமாகப் பார்த்ததை அன்றுதான் பிசைந்து சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், நாற்பத்தொரு கட்டுரைகளும் அதற்குத் தகும்.

“இந்தக் குழம்புதான் படகுலயும் வைப்பீங்களா?” என்றேன் தொம்மையிடம்.

“ஆமா மேடம். வலைய விட்டுட்டு, அடுப்பு மூட்டி...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, “அத்தான், தெரிஞ்சுபோச்சு போல” என்றார்.

கிறிஸ்பின் மறைக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“மொத நாளு வெந்நியிலதான் போட்டோம். ‘உப்பு இல்ல, இது கடல் இல்ல’ன்னு கத்துச்சு. உப்பு போட்டோம். ‘உயிர்ச்சத்து இல்ல’ன்னு கத்துச்சு. இந்தப் பய பாத்தான். சட்டியில மிச்சம் இருந்த கொழம்பத் தூக்கி வாளியில ஊத்தி அதுல போட்டான். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. அம்புட்டு சந்தோசம் அதுக்கு.”

“எதுக்கு இதெல்லாம்?”

“நரிப்பாரு தெரியுமா ஒங்களுக்கு?”

தெரியாது என்றேன். கடலுக்குள் பாறை மேடாக இருக்கும் இடத்தைப் ‘பார்’ என்பார்கள், அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும், அந்தக் குளிர்ச்சியைத் தேடி மீன் கூடும் என்பது மட்டும் படித்திருந்தேன்.

“நரிப்பாருல மூணு தலமொறயா மீன் புடிச்சோம். துளி வந்துச்சு. போடச் சொன்னிய, போட்டோம். ‘இந்த எடத்துல தண்ணி குளுந்திருக்கு’ன்னு அது ஒலகத்துக்கே சொல்லிப்போட்டுது. கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டே எங்கெங்கயோ இருந்து பெரிய கப்பலு வந்துச்சு. பதினோரு நாளு. வாரிக்கிட்டுப் போயிட்டான். இப்ப அங்க போனா வெறும் தண்ணிதான் கெடக்கு” என்றார் கிறிஸ்பின். “ஊர்ல நாப்பத்திரெண்டு வள்ளம் இருந்துச்சு. இப்ப இருவத்தாறு. மத்தவன்லாம் கட்டட வேலைக்குப் போயிட்டான்.”

“இப்ப நீங்க போற இடம்?”

“சம்மனசுப் பாரு. மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான். ஊரே அத வச்சுத்தான் கஞ்சி குடிக்கிது. மத்த வள்ளத்துத் துளியெல்லாம் வழியிலயே முக்கி எடுத்துருவோம், பாருல போடுதது என் துளி மட்டுந்தான். அது குளுந்த தண்ணின்னு எவனுக்கும் தெரியக் கூடாது. வெந்நியில எவனாச்சும் மீனு தேடுவானா? அதான்.”

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். ஆறு வருடமாக ‘எல்லோருக்கும் திறந்தது’ என்று மேடை மேடையாகப் பேசியவள் நான். கதவைத் திறந்துவைத்தால் முதலில் நுழைவது பெரிய கப்பல் வைத்திருப்பவன்தான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

செலஸ்டினா தண்ணீர்ச் செம்போடு வந்தார். “நீங்க கடல் ஆபீசுதான? புயல்னு சொல்லுததும் நீங்கதானா?”

“நாங்க இல்ல. எங்க தரவ வச்சுச் சொல்லுவாங்க.”

“அப்ப கேட்டுக்கிடுங்க. ஈஸ்டர் முடிஞ்சு எம்மவ அனிற்றாவுக்குக் கல்யாணம். பந்தல் போட்டாச்சு. முந்நூறு பேருக்கு அரிசி ஊறுது. மைக்குல வாரான், புயல் வருது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு! பட்டுச்சேலையோட எம்பிள்ள ரெண்டு நாளு ரெண்டாங் கிளாஸ் பெஞ்சுல உக்காந்திருக்கா. ஊறின அரிசி புளிச்சுப்போச்சு. மாப்பிள வீட்டுக்காரவுக ராசியில்லாத பொண்ணும்பாகன்னு நா அழுத அழுக... காத்தாவது வந்துச்சா? இனிமே எவன் மைக்குல கத்துனாலும் நா இந்த எடத்த விட்டு அசைய மாட்டேன். இந்தத் தெருவே அசையாது.”

சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு சொன்னேன். சூடான கடல் புயலுக்குச் சாப்பாடு என்பதையும், கணினி எந்த வெந்நீரைப் பார்த்து ஏமாந்தது என்பதையும், அந்த வெந்நீர் எந்த வாளியில் இருந்தது என்பதையும்.



“அப்போ கல்யாணத்தக் கெடுத்தது நம்ம கொழம்பா அத்தான்?” என்றார் தொம்மை.

செலஸ்டினா கணவரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அடுப்படியில் கரண்டி எங்கே இருக்கிறது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. தொம்மை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

கிறிஸ்பின் அதைக் கவனிக்கவே இல்லை. “எங்கய்யா போனது புயல்லதான் மேடம். அன்னைக்கு மைக்கும் கெடையாது, சொல்லுததுக்கு ஆளும் கெடையாது” என்றார். “இப்ப சொல்லுததுக்கு ஆள் இருக்கு. கேக்கதுக்கு ஆள் இல்லாமப் பண்ணிப்போட்டேனே.”

எழுந்து வாசல்வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, “நாளைக்குக் காலைல துளியக் கடல்லயே போடுதேன். சம்மனசுப் பாரு போனா போவட்டும். சனம் இருந்தா வேற பாரு தேடிக்கிடலாம்” என்றார்.  

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். விடைபெற்றுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்து, எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. கடைக்காரர் கேட்காமலே டீயில் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தார்.

கடற்கரையில் வனத்துறை வைத்த பலகை ஒன்று கண்ணில் பட்டது. ஆமை முட்டையிடும் இடம், தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதியிருந்தது. எங்கே என்று மட்டும் எழுதவில்லை. எழுதினால் முட்டைத் திருடன் வந்துவிடுவான்.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

எங்கள் விதிப்புத்தகத்தில் ஒன்பதாம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஆமைக்கும் கடற்பசுவுக்கும் எழுதியது. அழியும் நிலையில் உள்ள உயிரினம் ஒன்று இரைதேடும் இடமாக இருந்தால், அந்த இடத்தின் அளவீடுகளை உண்மையாகவே வெளியிட வேண்டும். ஆனால் இடத்தை மட்டும் ஐம்பது கிலோமீட்டர் சதுரத்துக்குள் மழுப்பிக்கொள்ளலாம். புயலைக் கணிக்கும் கணினிக்கு ஐம்பது கிலோமீட்டர் தாராளமாகப் போதும். வலைபோடும் கப்பலுக்கோ ஐம்பது மீட்டர் பிசகினாலும் வெறும் தண்ணீர்தான். மனு நிலுவையில் இருக்கும்வரை மழுப்பல் அமலில் இருக்கும் என்பது இன்னும் விசேஷம்.

செல்போனில் படிவத்தைத் திறந்தேன். உயிரினத்தின் பெயர் என்று கேட்டது. மனிதன் என்று எழுதினேன். சிவப்புக் கட்டம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அப்படி யாரும் எழுதக் கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எண்ணிக்கை கேட்டது, கடலை நம்பி ஊரில் எத்தனை பேர் என்று டீக்கடைக்காரரைக் கேட்டு இருநூற்றுப் பன்னிரண்டு என்று போட்டேன். வாழிடம், புன்னைத்துறை. குறைந்துவருவதற்கு ஆதாரம் கேட்டது. நாற்பத்திரண்டு வள்ளம் இருபத்தாறு ஆன கதையைத் தேதியோடு எழுதினேன். அனுப்பு என்ற பொத்தானை அமுக்கிவிட்டுக் கிறிஸ்பினைக் கூப்பிட்டு, “நாளைக்குத் தைரியமாப் போடுங்க” என்றேன்.

திங்கள் காலை ஆறு பத்து. நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். சம்மனசுப் பாரின் உண்மையான வெப்பம் முதன்முதலாக வந்தது, இருபத்தைந்து புள்ளி எட்டு. இடம் என்ற கட்டத்தில் ஐம்பது கிலோமீட்டர் கடல் முழுவதும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. புயல் கணினி அந்த எண்ணை அமைதியாக வாங்கிக்கொண்டது. எரிமலை அணைந்துவிட்டது.

பத்ரிநாத் என்னை அழைத்து அரைமணி நேரம் கத்தினார். நான் கேண்டீன் வரைபடத்தை அவர் முன்னால் வைத்ததும் நிறுத்தினார். வரம்பை நீக்கிய தாளில் என் கையெழுத்துக்கு மேல் அவர் கையெழுத்தும் இருந்தது. லிஸ்பனுக்குப் போனார். தலைப்பை மட்டும் ‘கடல் தரவில் மனிதச் சுவடுகள்’ என்று மாற்றிக்கொண்டார். பேச்சு நன்றாக இருந்ததாகக் கேள்வி.

மூன்று வாரம் கழித்து ஒன்பதாம் பிரிவுக் குழுவிடமிருந்து கேள்வி வந்தது. மனுவை ஆராய்ந்தவர் ரஹ்மாவதி என்ற பெண், இந்தோனேசியத் தீவு ஒன்றின் தர மையத்தில் என்னைப் போலவே கொடி குத்துபவர். மேற்படி உயிரினம் அந்த இடத்தில் இரை உண்பதற்கு அளவீட்டு ஆதாரம் உண்டா என்று கேட்டிருந்தார்.

உண்டு என்றேன். நான்கு மாத எரிமலைத் தரவை, இடத்தை மட்டும் மழுப்பி, அப்படியே எடுத்து, கடல் இயற்பியல் என்ற பிரிவிலிருந்து உயிரியல் பிரிவுக்கு, உணவுப் பழக்கம் என்ற தலைப்புக்கு மாற்றினேன். துளி இருந்தது கடலில் அல்ல, சாப்பாட்டு வாளியில் என்று விளக்கமும் சேர்த்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. காலை ஆறு பத்துக்கு ஐம்பத்தெட்டு டிகிரியில் ஒரு புளிக்குழம்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. எந்த அலமாரியில் வைப்பது என்பதில்தான் தப்பு நடந்திருந்தது. ஆகவே மறுபடியும் ஒன்றாம் கொடியே குத்தினேன், இந்த முறை மனசாரக் குத்தினேன். துளியை ஏமாற்றியதற்கு நடவடிக்கை என்ன என்று கேட்டவர்களுக்கும் ஒன்பதாம் பிரிவையே காட்டினேன். ஆமை கருவியைக் கடித்தால் ஆமைக்கு நாம் நோட்டீஸ் அனுப்புவதில்லை. ஜெர்மானியப் பேராசிரியர் மறுப்பு எதுவும் எழுதவில்லை, செய்முறை மட்டும் கேட்டார்.

அனுமதிக் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. கீழே ரஹ்மாவதி தனியாக இரண்டு வரி எழுதியிருந்தார்.

‘எங்கள் கடலிலும் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் ஆறியே கிடக்கும், கொழுப்பு அதிகம், தேங்காய்ப்பால் என்று சந்தேகம். நீங்கள் நிரப்பிய படிவத்தின் நகல் கிடைக்குமா?’

உடனே அனுப்பிவைத்தேன். திறந்த தரவுதானே.